கடல் எங்கே இருந்தது? 40 மாணவர்கள், 3 நாள், ஒரு பேருந்து

பள்ளிச் சுற்றுலா நோட்டீஸுக்கு என்றே ஓர் அச்சு இருக்கிறது. மூன்று நாளில் பதினொரு இடம், கடைசி நாள் தீம் பார்க், அடியில் "உணவு, தங்குமிடம் உட்பட" என்று ஒரு தொகை. அந்தப் பதினொன்றில் எட்டு இடங்களில் பிள்ளைகள் இறங்குவார்கள், வரிசையில் நிற்பார்கள், குழுப் படம் எடுப்பார்கள், கழிப்பறை தேடுவார்கள், மறுபடி ஏறுவார்கள். இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் எந்தக் கோபுரம் எந்த ஊர் என்று ஒருவருக்கும் நினைவிருக்காது. பேருந்தில் யார் வாந்தி எடுத்தார்கள் என்பது மட்டும் பத்து வருஷமானாலும் மறக்காது.

இடங்களின் பட்டியலை வைத்துக்கொண்டு பயணம் போடுவதுதான் இதில் முதல் தப்பு. ஒரு கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். கேள்வி ஒன்று கிடைத்துவிட்டால் எந்த இடம் வேண்டும், எது வேண்டாம் என்பதை அதுவே சொல்லிவிடும். இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி சின்னது: கடல் எங்கே இருந்தது? சென்னையிலிருந்து கிளம்பும் ஒன்பதாம் வகுப்பு அல்லது பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு (பத்தையும் பன்னிரண்டையும் பொதுத்தேர்வு விடாது) இது மூன்று நாளுக்குச் சரியாகப் பொருந்தும். முதல் நாள் பெரம்பலூர் மாவட்டத்தில் பத்துக் கோடி ஆண்டுக்கு முந்தைய கடல். இரண்டாம் நாள் கடல் தாண்டிக் கடாரத்துக்குப் படை அனுப்பிய ராஜேந்திரனின் கங்கைகொண்ட சோழபுரம். மூன்றாம் நாள் பிச்சாவரத்தில் இன்றைய கடலும் ஆறும் கலக்கும் இடம். ஒரு நாளுக்கு ஓர் இடம்; மிஞ்சிப்போனால் ஒன்றரை.

எப்போது, எத்தனை பேர், எந்த வண்டி

ஜனவரி கடைசி வாரம்தான் இதற்கு ஏற்ற காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கடலூர், சிதம்பரம் பக்கம் தண்ணீர் தேங்கும். முதல் நாள் பார்க்கப்போகும் காரை கிராமத்துக் களிமண் நிலம் வழுக்கத் தொடங்கினால் செருப்போடு காலும் உள்ளே போகும். மார்ச் பிறந்துவிட்டால் அதே நிலத்தில் மதியம் நிற்க முடியாது. நாள் குறிக்கும்போது புதன், வியாழன், வெள்ளி பாருங்கள். ஞாயிறு மாலை சென்னைக்குள் நுழையும் நெரிசலில் இரண்டு மணி நேரம் காணாமல் போகும். வார நாளில் கோயிலிலும் படகுத்துறையிலும் கூட்டம் பாதிதான்.

49 இருக்கை வண்டி என்றால் 44 மாணவர்கள், 5 ஆசிரியர்கள் என்று கணக்காக நிரப்பத்தான் நிர்வாகம் பார்க்கும். தலைக்குச் செலவு குறையுமே! ஆனால் 40 மாணவர்கள், 5 பெரியவர்கள் என்று நிறுத்திக்கொண்டால் நான்கு இருக்கை காலியாக இருக்கும். காய்ச்சல் வந்த பிள்ளையைப் படுக்க வைக்க அந்த நான்கும் வேண்டும். பத்துப் பேருக்கு ஓர் ஆசிரியர்; ஐந்தாவது ஆசிரியருக்குக் குழுவே கிடையாது. கையை உடைத்துக்கொண்ட பையனோடு மருத்துவமனையில் ஆறு மணி நேரம் உட்காரப்போவது அவர்தான். எல்லோருக்கும் குழுவைப் பிரித்துக் கொடுத்துவிட்டால், ஒருவர் மருத்துவமனை போகிற கணத்தில் பத்துப் பிள்ளைகள் ஆளில்லாமல் நிற்பார்கள். பெண் பிள்ளைகள் 20 பேர் என்றால் ஐந்தில் குறைந்தது இரண்டு பேர், முடிந்தால் மூன்று பேர், ஆசிரியைகளாக இருக்க வேண்டும்.

வண்டி பேசும்போது வாடகையைக் கேட்பதற்கு முன் காகிதங்களைக் கேளுங்கள். ஆர்.சி. (பதிவுச் சான்று), எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், பர்மிட், ஓட்டுநர் உரிமம் ஆகிய ஐந்தின் படமும் வாட்ஸ்அப்பில் வந்த பிறகுதான் முன்பணம். கிளம்பும் காலையில் வாசலில் நிற்கும் வண்டியின் எண் அந்த ஆர்.சி.யில் உள்ள எண்தானா என்று பாருங்கள். "அந்த வண்டி ரிப்பேர் சார், இதுவும் நம்ம வண்டிதான்" என்ற வசனம் காலை ஐந்து மணிக்குத்தான் வரும். அப்போது உங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். மாற்று வண்டி வந்தால் அதன் காகிதம் வரும்வரை ஒரு பிள்ளையையும் ஏற்றக் கூடாது.

இந்தப் பயணத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் பாண்டிச்சேரி. சிதம்பரத்திலிருந்து கடலூர் வழியாக வரும்போது வண்டி யூனியன் பிரதேசத்துக்குள் நுழைகிறது. வண்டியின் பர்மிட் அதற்குச் செல்லுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். செல்லாது என்றால் கடலூரிலிருந்து பண்ருட்டி, விழுப்புரம், திண்டிவனம் என்று வந்துவிடலாம். பெரிதாக எதுவும் குறைந்துவிடாது.

வாடகையில் மூன்று இடத்தில் பணம் ஒழுகும். ஒன்று, நாளொன்றுக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர். 300 என்று பேசிவிட்டால், மொத்தம் 750 கிலோமீட்டர் ஓடும் இந்தப் பயணத்துக்கு 900 கிலோமீட்டருக்குப் பணம் கொடுப்பீர்கள். இரண்டு, கணக்கு பள்ளி வாசலில் தொடங்குகிறதா, வண்டி நிற்கும் ஷெட்டில் தொடங்குகிறதா என்பது. மூன்று, சுங்கக் கட்டணம், பார்க்கிங், டிரைவர் பேட்டா. மூன்றையும் ஒரே தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிட்டால் கடைசி நாள் வாக்குவாதம் இருக்காது. மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கைக் கையிருப்பாக ஒதுக்கிவிட்டுத் தலைக்கு எவ்வளவு என்று வகுங்கள். கட்ட முடியாத பிள்ளையின் பணத்தை அந்த மொத்தத்திலேயே அடக்கிவிட வேண்டும். வகுப்பில் "யார் யார் இன்னும் கட்டலை?" என்று எழுப்பி நிற்க வைக்கும் வேலை மட்டும் கூடவே கூடாது.

இரவுப் பயணம் வேண்டாம். ஒரு ராத்திரி லாட்ஜ் வாடகை மிச்சம் என்று இரவு பத்துக்குக் கிளம்பும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. 2022 அக்டோபர் 5 இரவு, கேரளத்தில் ஒரு பள்ளியிலிருந்து ஊட்டிக்குக் கிளம்பிய பேருந்து வடக்கஞ்சேரி அருகே அரசுப் பேருந்தின் பின்னால் மோதியது. இறந்த 9 பேரில் 5 பேர் மாணவர்கள். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் (1961) ஓட்டுநரின் வேலையைப் பொதுவாக நாளுக்கு 8 மணி நேரம் என்கிறது. தொடர்ந்து 5 மணி நேரம் ஓட்டினால் அரை மணி ஓய்வு என்கிறது. பகலெல்லாம் உங்களோடு சுற்றிய ஓட்டுநர் ராத்திரியும் ஓட்டினால் இந்தக் கணக்கு எங்கே நிற்கும்? முந்தின நாள் அவர் வேறு சவாரி போய்விட்டு வந்தாரா என்பதையும் நேரடியாகக் கேளுங்கள். அவருக்குத் தனி அறை, நேரத்துக்குச் சாப்பாடு. இது உபசாரம் இல்லை. பிரேக்கைச் சரிபார்ப்பது போல ஒரு பாதுகாப்பு வேலை.

எண்ணுவது

பிள்ளைகளை எண்ணுவது சுலபம் என்று நினைப்பவர்கள்தான் பிள்ளையைத் தவறவிடுவார்கள். 1 முதல் 40 வரை எண் கொடுத்து வரிசையாகச் சொல்லச் சொல்வது பார்க்க அழகாக இருக்கும். கழிப்பறையில் இருக்கும் 17-க்காக 18 குரலை மாற்றிச் சொல்வான். வகுப்பில் வருகைப் பதிவின்போது செய்வதுதான். அதனால் எண் சொல்வது ஒரு பக்கம் நடக்கட்டும். ஓர் ஆசிரியர் பின்னாலிருந்து முன்னாலும், இன்னொருவர் முன்னாலிருந்து பின்னாலும் நடந்து தலையை எண்ண வேண்டும். இருவரும் எண்ணி முடித்த பிறகே வாய் திறந்து எண்ணைச் சொல்ல வேண்டும். முதலாமவர் "நாற்பது" என்றதும் இரண்டாமவர் மனம் தானாக நாற்பதுக்கு வந்துவிடும். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டுமே தப்பு, மறுபடி முதலிலிருந்து. எண்ணி முடிக்கும்வரை என்ஜினை ஆன் செய்யக் கூடாது என்று ஓட்டுநரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கூடவே ஜோடி முறை. ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி, மூன்று நாளும் அதே ஜோடி. நண்பர்களையே ஜோடியாக விடலாமா என்று ஒரு விவாதம் உண்டு. விடலாம் என்பதே எங்கள் கட்சி. பிடிக்காத ஜோடி தொலைந்துபோனால் அரை மணி நேரம் கழித்துத்தான் சொல்வான்.

இரண்டு பேருந்து போகும் பயணங்களில் தவறு வேறு விதமாக வரும். தோழியோடு பேசிக்கொண்டே ஒருத்தி அடுத்த வண்டியில் ஏறிவிடுவாள். இந்த வண்டியில் ஒன்று குறையும், "அங்கே இருப்பாள்" என்பார்கள். நூற்றில் தொண்ணூற்றொன்பது முறை அங்கேதான் இருப்பாள். அந்த ஒரு முறைக்காகத்தான் விதி: ஏறிய வண்டியை மாற்ற யாருக்கும் அனுமதி இல்லை, ஆசிரியர் உட்பட.

கழிப்பறைக் கணக்கும் தண்ணீரும்

நெடுஞ்சாலை ஓட்டலில் பெண்கள் கழிப்பறை இரண்டு என்று வையுங்கள். பெண் பிள்ளைகள் 20. ஆளுக்கு 3 நிமிடம் என்றால் அரை மணி நேரம். "பத்து நிமிஷம், சீக்கிரம் சீக்கிரம்" என்று விசில் ஊதினால் என்ன நடக்கும்? பத்துப் பேர் போகாமலே ஏறுவார்கள். அடுத்த தடவை முன்யோசனையாகத் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். மதியம் தலைவலி, மயக்கம், ஊர் திரும்பியதும் சிறுநீர்த் தொற்று. பயணத்தில் மயங்கி விழும் பெண் பிள்ளைகள் பலருக்குக் காரணம் வெயில் மட்டுமில்லை, பூட்டியிருந்த ஒரு கழிப்பறைக் கதவும்தான். ஆகவே நிறுத்தங்களை முன்கூட்டியே போய்ப் பார்த்து வைக்க வேண்டும். இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம், ஒவ்வொன்றும் 30 நிமிடம் என்று கால அட்டவணையிலேயே எழுதுங்கள். நாப்கின், காகிதப் பை, சோப்பு அடங்கிய ஒரு பையை ஆசிரியையின் இருக்கையில் மாட்டி வைத்துவிட்டு, கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட வேண்டும்.

குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர். ஓட்டுநர், கிளீனர் சேர்த்து 47 பேருக்கு 141 லிட்டர். அதாவது 20 லிட்டர் கேன் எட்டு. முதல் நாளைக்கு வேண்டியதை ஏற்றிக்கொண்டு, மீதியை அரியலூரிலும் சிதம்பரத்திலும் வாங்கலாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருபதாவது வேண்டும். இதில் அடிக்கடி நடக்கும் தவறு, ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் குலுக்குவது. உப்பும் சர்க்கரையும் இரட்டிப்பானால் வாந்தி கூடும். பொட்டலத்தின் மேல் எழுதியிருக்கும் அளவைப் படித்து, அளவு கோடு போட்ட ஒரு லிட்டர் பாட்டிலில் மட்டும் கலக்குங்கள். கடையில் டப்பாவில் கிடைக்கும் இனிப்புப் பானத்தை அதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதல் நாள் காலைச் சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்கள். இட்லி, எண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி. தேங்காய்ச் சட்னி ஒன்பது மணிக்குள் புளித்துவிடும். பூரி மசாலாவோடு கிளம்பிய வண்டி விழுப்புரம் தாண்டுவதற்குள் நாறிவிடும். வாந்தி வரும் பிள்ளைகளுக்கு முன் இருக்கை, ஜன்னல் ஓரம், தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். போனில் தலையைக் கவிழ்த்தால் உறுதியாக வரும். பெற்றோர் மாத்திரை கொடுத்தனுப்பியிருந்தால் வண்டி கிளம்ப அரை மணிக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். குமட்டல் தொடங்கிய பின் கொடுத்தால் அது அப்படியே வெளியே வந்துவிடும்.

சம்மதக் கடிதத்தில் கையெழுத்து மட்டும் போதாது. இரண்டு தொலைபேசி எண், ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை, தினமும் எடுக்கும் மாத்திரை, தூக்கத்தில் நடக்கும் பழக்கம் வரை கேளுங்கள். கூச்சப்பட்டு மறைப்பார்கள் என்பதால் மூடிய உறையில் வாங்கிக்கொள்ளலாம். இன்ஹேலர் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கக் கூடாது, பிள்ளையின் சட்டைப் பையில் இருக்க வேண்டும். கல்வித்துறையின் முன் அனுமதி தனி வேலை. ஒரு மாதமாவது முன்னே தொடங்குங்கள்.

முதல் நாள்: சாத்தனூர், காரை

காலை 5 மணிக்குக் கூடி 5:30-க்குக் கிளம்பினால் திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வழியாகப் பெரம்பலூர் வர 11:30 ஆகும். ஏறத்தாழ 265 கிலோமீட்டர். கூகுள் நாலரை மணி நேரம் காட்டும், அது காருக்கு. பள்ளிப் பேருந்துக்கு நிறுத்தங்களோடு ஆறு மணி நேரம் போடுங்கள்.

மதியத்துக்குச் சாத்தனூர் கல்மரப் பூங்கா. 18 மீட்டர் நீளத்தில் ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகக் காத்துவரும் இடம். கம்பிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் "மரம்தானே" என்று நகரும் பிள்ளைகளை நிறுத்த ஒரே கேள்வி போதும்: இந்த மரம் கிடந்த படிவத்தில் கடல் வாழ் உயிர்களின் எச்சங்கள் இருக்கின்றன, அப்படியானால் மரம் எப்படி இங்கே வந்தது? பதிலைச் சொல்லிவிடாதீர்கள். ஆறு அடித்துக்கொண்டு வந்து கடலில் சேர்த்தது என்பதை யாராவது ஒருத்தி பேருந்தில் ஏறும்போது கண்டுபிடிப்பாள்.

காரைக்கு மூன்றரை மணிக்குப் போக வேண்டும். காலையிலோ உச்சி வெயிலிலோ போனால் வெறும் சிவப்பு, சாம்பல் களிமண் மேடுகள்தான் தெரியும். நாலு மணிக்கு மேல் சாய்ந்த வெயிலில் தரையில் கிடக்கும் ஒவ்வொரு துண்டுக்கும் நிழல் விழும். அப்போதுதான் கண்ணுக்கு உருவம் பிடிபடும். பேருந்து கடைசிவரை போகாது, நடக்க வேண்டியிருக்கும். விரல் மூடிய, பழகிய ஷூ வேண்டும். பயணத்துக்கென்று முந்தின நாள் வாங்கிய புது ஷூ குதிகாலை உரித்துவிடும். மழைநீர் அறுத்த ஓடைகளுக்குள் ஏறி இறங்கும்போது விளிம்பில் நிற்கக் கூடாது. உலர்ந்த களிமண் விளிம்பு சொல்லாமல் சரியும்.

தரையெங்கும் கண்ணாடித் துண்டுபோல எதுவோ மின்னும். முதல் பத்து நிமிடம் எல்லோரும் உடைந்த பாட்டில் என்றே நினைப்பார்கள். ஒன்றை எடுத்து நகத்தால் கீறச் சொல்லுங்கள். கோடு விழும். கண்ணாடியில் விழாது. அது ஜிப்சம். அடுத்து, துப்பாக்கித் தோட்டா போன்று உருண்டு கூரான ஒரு துண்டு கிடைக்கும். நகம் அதில் ஏறாது. எலுமிச்சைச் சாற்றை ஒரு சொட்டு விட்டு உருப்பெருக்கியில் பார்த்தால் மெல்லக் குமிழி வரும், சுண்ணாம்புப் பொருள். அதுதான் பெலம்னைட், இன்றைய கணவாய் மீனின் தூரத்து உறவான ஓர் உயிரின் உள் ஓட்டின் பகுதி. சுருள் சுருளாக வரியோடிய அம்மோனைட் (அழிந்துபோன ஒரு கடல் உயிரின் ஓடு) துண்டும் கண்ணில் படலாம். 1860-களில் இந்தப் பகுதி எச்சங்களைப் புவியியலாளர் ஸ்டோலிச்கா வகைப்படுத்தி எழுதியதிலிருந்து உலகத்து ஆய்வாளர்கள் தேடி வரும் நிலம் இது. சுத்தியல் வேண்டாம், எடுத்துப் போவதும் வேண்டாம். பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயத்தை அளவுக்கு வைத்துப் படம் எடுத்துவிட்டுக் கிடந்த இடத்திலேயே வைக்க வேண்டும். இதை முன்னரே சொல்லாவிட்டால், ராத்திரி லாட்ஜில் ஒவ்வொரு பையிலும் அரைக் கிலோ கல் இருக்கும்.

ஒர்க்‌ஷீட் ஒரு பக்கம் போதும். கோடிட்ட இடத்தை நிரப்புக வேண்டாம். ஒருவன் நிரப்புவான், ஒன்பது பேர் பார்த்து எழுதுவார்கள். மூன்று பொருளை வரை, அளவு எழுது, எதனோடு ஒத்திருக்கிறது என்று சொல். அவ்வளவுதான்.

ஆபத்துகள் வேறு பக்கத்திலிருந்து வரும். அரியலூர் வட்டாரம் சிமெண்ட் ஆலைகளின் வட்டாரம். சாலையெங்கும் சுண்ணாம்புக்கல் லாரிகள். வண்டியைச் சாலையின் எந்தப் பக்கம் இறங்க வேண்டுமோ அந்தப் பக்கமே நிறுத்துங்கள், பிள்ளைகள் குறுக்கே கடக்கும் நிலை வரக் கூடாது. கைவிட்ட சுரங்கக் குழிகளில் பச்சை நிறத்தில் தண்ணீர் நிற்கும். பார்க்க நீச்சல் குளம் மாதிரி இருக்கும். ஓரம் செங்குத்து, ஆழம் தெரியாது. அந்தப் பக்கமே வேண்டாம். பாம்பு கடித்தால் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அதன் எண்ணை ஐந்து ஆசிரியர் போனிலும் சேமித்து வையுங்கள். மழை பிடித்துவிட்டால் காரையை விட்டுவிட்டு வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போகலாம். திறந்திருக்கிறதா என்று முந்தின நாள் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரியலூரில் தங்கல். லாட்ஜில் முதல் வேலை மொட்டைமாடிக் கதவைப் பூட்டச் செய்வது. பெண் பிள்ளைகள் ஒரு தளம், ஆண் பிள்ளைகள் இன்னொரு தளம். இரண்டு மாடிப்படி முனையிலும் ஆசிரியர் அறை. ஓட்டுநரோ வழிகாட்டியோ லாட்ஜ் ஊழியரோ, ஆசிரியரும்கூட, ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. எவ்வளவு நல்லவர் என்பது இங்கே கேள்வியே இல்லை.

இரண்டாம் நாள்: கல் சுடும் முன்

காலை 6:15-க்குக் கிளம்பினால் ஏழரைக்குக் கங்கைகொண்ட சோழபுரம். வெறுங்காலோடு நடக்கும் கல் தளம் பதினொரு மணிக்குக் கொதிக்கத் தொடங்கும்; நண்பகலில் நடையும் சாத்திவிடுவார்கள். பத்தரைக்குள் வேலை முடிய வேண்டும். பையில் ஒரு ஜோடி சாக்ஸ் இருந்தால் நல்லது.

வழிகாட்டி ஒருவரை வைத்து நாற்பது பேரை வட்டமாக நிற்க வைத்தால் முன்வரிசைப் பத்துப் பேர் மட்டும் கேட்பார்கள். குழுக்களாகப் பிரித்து நான்கு வேலை கொடுங்கள். ஒரு குழுவுக்கு விமானத்தின் (கருவறை மேல் எழும் கோபுரத்தின்) வளைவு: தஞ்சையில் நேர்க்கோடாக ஏறுவது இங்கே உள்வாங்கி வளைகிறது, இரண்டையும் வரைந்து பார்க்கட்டும். ஒரு குழுவுக்கு வடபுறப் படிக்கட்டருகே சண்டேசருக்குச் சிவன் தலையில் பூச்சரம் சுற்றும் சிற்பம். ஒரு குழுவுக்குக் கல்: சுற்றுவட்டாரத்தில் கருங்கல் மலை கிடையாது, இத்தனை கல் எப்படி வந்தது, சுற்றுச்சுவர் எங்கே போயிற்று? 1836-இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது இங்கிருந்து கல் எடுத்துப் போனார்கள் என்பதை அவர்கள் முதலில் நம்பமாட்டார்கள்.

நான்காவது குழு விமானத்தை அளக்கும். ஒரு மீட்டர் குச்சியை நட்டு அதன் நிழலை அளப்பது, விமானத்தின் நிழலை அளப்பது, வகுப்பது. எட்டாம் வகுப்புக் கணக்குதான். ஜனவரி கடைசியில் காலை 10 மணிக்குக் குச்சியின் நிழலும் ஒரு மீட்டர் சுமார் இருக்கும், ஆகவே கணக்கு சுலபம். எட்டு மணிக்கு முயன்றால் நிழல் மூன்று மடங்கு நீண்டு மதிலுக்கு வெளியே போய்விடும். பிள்ளைகள் செய்யும் தவறு எப்போதும் ஒன்றுதான்: சுவரிலிருந்து நிழல் முனைவரை அளப்பார்கள். விமானத்தின் உச்சி இருப்பது நடுவில். அடிப்பகுதியே சுமார் 30 மீட்டர் அகலம். சுவரிலிருந்து அளந்தால் 15 மீட்டருக்கு மேல் விட்டுப்போகும். 55 மீட்டர் விமானம் 40-க்கும் கீழே இறங்கிவிடும். தப்பான விடையோடு ஒரு பத்து நிமிடம் அவர்களைத் தனியே விடுங்கள்.

சோழர் அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் அரை மணி நேரம், பிறகு காட்டுமன்னார்கோயில் வழியாகச் சிதம்பரம். வழியில் வீராணம் ஏரி வரும். சோழர் காலத்து ஏரி. 2004 முதல் இதன் தண்ணீர் 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் பயணம் செய்து சென்னைக்கு வருகிறது. வண்டியைக் கரையோரம் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி "உங்கள் வீட்டுக் குழாய்க்கு வரும் தண்ணீர்" என்று சொல்லிவிட்டு ஏறிவிடலாம். ஐந்து நிமிடம் போதும்.

மாலை எதுவும் வேண்டாம். துணி துவைக்கட்டும், வீட்டுக்குப் பேசட்டும், தூங்கட்டும். அட்டவணையில் ஒரு மாலை காலியாக இருந்தால் பெற்றோருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். மூன்றாம் நாள் தண்ணீரில் இறங்கும்போது தூக்கம் கெடாத பிள்ளைகள் வேண்டும்.

மூன்றாம் நாள்: பிச்சாவரம்

பள்ளிச் சுற்றுலாவில் தண்ணீர்தான் உயிர் எடுக்கும் இடம். 2007 பிப்ரவரி 20-இல் கேரளத்துத் தட்டேக்காட்டில் 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும். 2024 ஜனவரி 18-இல் வதோதராவின் ஹர்ணி ஏரியில் 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும். இரண்டிலும் படகு தாங்கும் அளவுக்கு மேல் ஆள். அணிய உயிர்காப்பு அங்கி இல்லை அல்லது போதவில்லை.

படகுத்துறை திறந்ததும் முதல் ஆளாக நில்லுங்கள், துடுப்புப் படகு கேளுங்கள். மோட்டார் படகு அகலமான கால்வாயோடு திரும்பிவிடும், மரங்களுக்கு நடுவே போகாது. படகுக்கு 5 பேர் என்றால் 45 பேருக்கு 9 படகு. ஆசிரியர்கள் 1, 3, 5, 7, 9 ஆம் படகுகளில். ஆசிரியர் இல்லாத படகு எப்போதும் இரண்டு ஆசிரியர் படகுகளுக்கு நடுவே. உயிர்காப்பு அங்கியைக் கரையிலேயே மாட்டி, எல்லாப் பட்டையையும் இறுக்கி, ஜோடிக்காரர் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். அங்கி காதுவரை ஏறினால் அளவு பெரிது. தண்ணீரில் அது மேலே மிதக்கும், ஆள் கீழே நழுவுவார். சின்ன அளவு இல்லை என்றால் அந்தப் பிள்ளை கரையில் இருக்கட்டும். அழுவார்கள். அழட்டும். செல்ஃபிக்கு எழுந்து நின்றால் படகு கவிழலாம், எனவே போன்கள் கரையில் ஒரு பையில்.

உள்ளே போனால் இரண்டு வகை வேர் பார்க்கலாம். சுரபுன்னை பந்தல்கால் போல வேர்களை ஊன்றி நிற்கும். வெண்கண்டல் மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சுவேர்கள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். காற்றில்லாத உப்புச் சேற்றில் மூச்சுவிட ஒவ்வொரு மரமும் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. கூடவே ஒரு மரத்தைக் காட்டிக்கொடுக்கச் சொல்லிப் படகோட்டியிடம் கேளுங்கள்: தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்தது இந்த மரத்தால்தான். கிளையை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். தோலில் பட்டால் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் பார்வை தற்காலிகமாகப் போகும். எந்தக் கிளையையும் பிடித்து இழுக்கக் கூடாது என்ற விதிக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. பட்டுவிட்டால் கண்ணைக் கசக்காமல் நல்ல தண்ணீரால் கால் மணி நேரம் கழுவிக்கொண்டே மருத்துவமனை.

2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று ஓர் ஆய்வு சொன்னது. அந்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் சற்று உயரத்திலும் இருந்ததுதான் காரணம் என்று இன்னோர் ஆய்வு மறுத்தது. பதினொன்றாம் வகுப்பென்றால் இதைச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்து வையுங்கள். யார் சொல்வது சரி என்று தெரிந்துகொள்ள எதை அளக்க வேண்டும்? அறிவியல் பாடப் புத்தகத்தில் இல்லாத அறிவியல் அங்கே தொடங்கும்.

கடலில் இறங்குவது கிடையாது, முழங்கால் அளவுகூட. "கொஞ்ச நேரம் சார்" என்பதற்கு ஒரு ஆசிரியர் இளகினால் மற்ற நால்வரும் ஒன்றும் செய்ய முடியாது. இதைப் பயணத்துக்கு முன்னரே ஐவரும் பேசி முடித்திருக்க வேண்டும். காட்டுக்குள் மலையேற்றத்தைச் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறியவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகு விதிகள் மாறின. வனத்துறை அனுமதித்த பாதை, வனத்துறை வழிகாட்டி, கோடைத்தீப் பருவம் தவிர்த்த மாதம். மூன்றும் இல்லையென்றால் வேண்டாம்.

கரைக்கு வந்ததும் மீன் ஏலம் விடும் இடம் பக்கத்தில் இருந்தால் ஒரு கணவாயைக் கையில் வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் ஓடு போன்ற பகுதியைத் தொட்டுப் பார்த்தவர்களில் யாராவது ஒருவருக்குக் காரையில் பார்த்த தோட்டா நினைவுக்கு வரும். வராவிட்டால் படத்தைக் காட்டுங்கள்.

மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டுக் கிளம்பினால் ஏழு மணிக்குச் சென்னை. கடைசி மணி நேரத்தில் பெற்றோர் குழுவில் "இப்போது செங்கல்பட்டு" என்று ஒரே ஆசிரியர் மட்டும் தகவல் போட வேண்டும். ஐந்து பேரும் ஆளுக்கொரு நேரம் சொன்னால் வாசலில் கூட்டம் ஐந்து மணிக்கே கூடிவிடும். பள்ளி வளாகத்துக்குள் வண்டி நின்ற பிறகே கதவு திறக்கலாம், சாலையில் இல்லை. ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் கூப்பிட்டு, வந்தவர் யார் என்று பட்டியலில் குறித்து ஒப்படையுங்கள். "பக்கத்து வீட்டு அங்கிள்" வந்தால் பெற்றோருக்குப் போன் போட்ட பிறகுதான். கடைசிப் பிள்ளை போகும்வரை இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும். பிறகு டார்ச்சோடு இருக்கைகளுக்கு அடியில் ஒரு நடை: இரண்டு தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு, ஒரு கண்ணாடி, எங்கிருந்தோ ஒளித்துக் கொண்டுவந்த ஒரு தோட்டாக்கல் கிடைக்கும்.

அந்தக் கல்லை அறிவியல் ஆய்வகத்தில் வைத்து, எங்கிருந்து வந்தது என்று சீட்டெழுதி ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் அது வெறும் கல்.